சந்தனம் வச்ச சுத்தியல்

எழுபதுகள்ல ஒரு ஆயுத பூசை. அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். பட்டறையில இருக்கிற தச்சு சாமானுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டிட்டு, அஞ்சு மணிக்கு தேயிலை பேக்டரிக்குப் போகணும்.

அங்க பெரிய பூசை. புதுசா வந்த வெள்ளைக்கார துரை தேங்காய் உடைக்கப் போறாரு. எப்ப கும்பிடணும், எப்ப உடைக்கணும்னு பக்கத்துல நின்னு சொல்ல வேண்டியது ஆபீஸ்ல கணக்கு எழுதுற எஸ்டேட் கிராணியான நான். லேட்டா வர்ற ஆளுன்னா அவருக்கு ஆகாது. வந்த ஒரு மாசத்துல ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

வீட்டுக்குப் பின்னாடி பொழுதுபோக்கா தச்சு வேலை செய்யிற இடம், பட்டறைன்னு நான்தான் சொல்றேன். என் வீட்டுக்காரி கமலா அதைக் கோழிக்கூடுன்னு சொல்லுவா. முன்னாடி அது கோழிக்கூடுதான்.

மலேசியாவுல எங்க கேமரன்மலை பனிக்கு உளியை ஒரு வாரம் சும்மா போட்டா துரு ஏறிடும். அதனால சுவர் முழுக்க பலகை அடிச்சு, ரம்பம், இழைப்புளி, சுத்தியல்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆணி. எது எங்க தொங்கணும்னு பென்சில்ல உருவம் கூட வரைஞ்சிருந்தேன்.

பனி உள்ள வராம இருக்க கதவையும் நானே செஞ்சேன். சாத்தினா இடுக்குல ஒரு தாள் நுழையாது. வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் தாளை வச்சுக் காட்டுவேன். கேட்டாங்களான்னு கேட்காதீங்க.

அன்னைக்கு மத்தியானத்துல இருந்தே மழை. காத்து சூடத்தை அணைக்குதேன்னு கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டுப் பூசை போட்டேன். முடிச்சிட்டுத் தள்ளுறேன், அசையலை. ஈரத்துல பலகை ஊதி, சட்டத்தோட இறுகிப் போச்சு.

"கமலா, வெளிய இருந்து கொஞ்சம் இழு."

இழுத்தா. டப்புன்னு ஒரு சத்தம்.

"வந்துடுச்சுங்க."

"கதவா?"

"கைப்பிடி."

சரி, சுத்தியல் பக்கத்துலதானே தொங்குதுன்னு கையை நீட்டினேன். ஒரு அடி அகல ஜன்னல்ல கமலா மொகம் தெரிஞ்சது.

"தொடாதீங்க. பூசையில வச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அப்ப நானும் நாளைக்குக் காலையிலதானா?"

"வாயைக் கழுவுங்க. நான் லைன்ல போய்க் கேட்டுட்டு வர்றேன்."

எஸ்டேட்டுல சாமானுக்கா பஞ்சம்? பத்து நிமிஷத்துல தொழிலாளிங்க லைன் வீட்டுச் சனம் பாதி திரண்டு வந்துச்சு. எல்லார் கையும் காலி.

"கடப்பாரை இருக்கு கிராணி," லோரி டிரைவர் முனியாண்டி ஜன்னல்ல எட்டிப் பார்த்தான். "ஆனா பொட்டு வச்சாச்சு லா."

பக்கத்து வீட்டுக் கோடாலி பூசையில. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி மொத்தமும் பூசையில. ஒரு அருவாமனையாவது கொடுங்கன்னு கெஞ்சினேன். அதுக்கு மாலையே போட்டாச்சாம்.

"தோளால இடிங்க கிராணி."

இடிச்சேன். நல்லா செஞ்ச கதவு. தோள்தான் இளகிடுச்சு. என் வேலைத் திறமையை நினைச்சு நானே நொந்தது அன்னைக்குத்தான்.

மணி அஞ்சேகால். நாளைக்குச் சுத்தியல் வெளிய வந்துடும், கிராணி உத்தியோகம் திரும்பி வராதுன்னு பயந்துட்டேன்.

அப்பதான் பக்கத்து ஊரு திரிங்காப்ல இருந்து முட்டைக்கோஸ் ஏத்திக்கிட்டு வந்த சீனர் ஒருத்தர் கூட்டத்தைப் பார்த்து லோரியை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார். சீட்டுக்கு அடியில இருந்து டயர் கழட்டுற கம்பியை எடுத்துட்டு வந்து ரெண்டே நெம்பு. கதவு சட்டத்தோட வந்துச்சு.

உள்ள எட்டிப் பார்த்தவர் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, உள்ள இவ்வளவு சாமான் இருக்கு லா. இத்தனை நேரம் என்னா பண்ணே?"

"கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் கம்பியைத் தூக்கிக்கிட்டு லோரியில ஏறிட்டார்.

பேக்டரிக்கு ஓடினேன். மணி அஞ்சே முக்கால். துரை தேங்காயை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. எப்ப உடைக்கணும்னு யாரும் சொல்லலையாம். வேர்த்து ஊத்துது. என்னைப் பார்த்ததும் திட்டுவாருன்னு நினைச்சேன். என் காதுகிட்ட குனிஞ்சு, "இப்ப உடைக்கலாமா?"ன்னார், பாவம்.

அடுத்த வருஷத்துல இருந்து எங்க எஸ்டேட்டுல ஒரே ஒரு கடப்பாரைக்கு மட்டும் யாரும் பொட்டு வைக்கிறதில்லை.