நகோயா வழியாக டெட்ராய்ட்

முகப்பேர்,
12.10.1992

அன்பு மகன் பாஸ்கலுக்கு,

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வளையம் செய்யும் ஆலையின் தரப் பரிசோதகனும் உன் தகப்பனுமாகிய ம. கிறிஸ்துதாஸ் எழுதுவது. நானும் உன் அம்மா தெரசாவும் நலம். நீ நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறோம். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வீட்டுக்கு வர வேண்டும்.

நீயும் உன் தங்கை ஞானகுமாரியும் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. காரணத்தை முறைப்படி விசாரித்தேன். ஜப்பான் கார்கள் வந்து குவிந்ததால் டெட்ராய்டில் உன் கம்பெனி ஒரு பிரிவை மூடியது. நீ உன் தங்கை இருக்கும் நகோயாவுக்குப் போன் போட்டு, "உங்க கம்பெனிதான் எங்க சோத்துல மண்ணைப் போட்டுச்சு" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாய். ஓடுகிற வண்டி செய்யத் தெரியாதவர்கள் அழத்தான் வேண்டும் என்றாராம் அவர். சண்டை போட இரண்டு அரசாங்கங்களும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. நம் குடும்பம் எந்த உத்தரவின் பேரில் இதில் இறங்கியது என்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற வாரம் எங்கள் மானேஜர் ஒரு விஷயம் சொன்னார். நான் பரிசோதித்து அனுப்பும் வளையம் கப்பலேறி நகோயா போகிறது. மாப்பிள்ளையின் ஆலையில் கியர்பெட்டிக்குள் உட்காருகிறது. அந்தக் கியர்பெட்டி டெட்ராய்டுக்கு வந்து உன் கம்பெனி காரிலேயே ஏறுகிறது. அவர்கள் அனுப்பாவிட்டால் உன் கார் நகராது. நீங்கள் வாங்காவிட்டால் மாப்பிள்ளைக்கு வேலை இராது. எங்கள் ஆலையில் சரக்குப் பெட்டிக்கு ஆணி அடிக்கும் முனியன், "ரெண்டு பேர் வண்டிலயும் நம்ம வளையந்தான் கீது. அப்பால இன்னாத்துக்கு சார் சண்டை?" என்றான். விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், ரெண்டு விரல் அகலங்கூட இல்ல, அது போய் பொண்ணு ஊரைப் பாத்துட்டு அப்படியே புள்ள ஊரையும் பாத்துடுது, நான் மட்டும் முகப்பேர்ல ஏறி அம்பத்தூர்ல எறங்கறேன், அம்பத்தூர்ல ஏறி முகப்பேர்ல எறங்கறேன். அன்று மூன்று நல்ல வளையங்களைக் கழித்துக் கட்டிவிட்டேன். மறுநாள் திருத்திக்கொண்டேன்.

உன் அம்மா தினமும் ஐந்து தட்டுகளையும் கழுவி மேசையில் வைக்கிறாள். பிறகு மூன்றை எடுத்து உள்ளே வைக்கிறாள். கேட்டால் தூசி படியும் என்கிறாள்.

ஆகவே உறுதியளிக்கிறேன்: உன் தங்கையும் மாப்பிள்ளையும் வரமாட்டார்கள். நீ தயங்காமல் டிசம்பர் 22 அன்று வந்து சேர். இது பரம ரகசியம். ஞானகுமாரிக்குத் தெரியவே கூடாது.

ஆண்டவர் உனக்குச் சுகத்தைக் கூட்டி, முன்கோபத்தைக் குறைப்பாராக.

இப்படிக்கு,
ம. கிறிஸ்துதாஸ்

நகல்: திருமதி ஞானகுமாரி, நகோயா.

பி.கு.: மேற்கண்ட கடைசி வரியைப் படித்துவிட்டு உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருடங்களாக நகல் இல்லாமல் நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. இதன் கார்பன் பிரதி மத்தியானமே ஆலைத் தபாலோடு உன் தங்கைக்குப் போய்விட்டது. நீ வரமாட்டாய் என்று உறுதியளித்து, அதே தேதிக்கு உன் தங்கையை அழைத்து, நேற்று எழுதிய கடிதத்தின் நகலும் உன்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. "ஒரு பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல உங்களுக்கு" என்றாள் உன் அம்மா. ஆனால் இன்றிரவு ஐந்து தட்டுகளும் மேசையிலேயே இருக்கின்றன. எனவே நகல் எதையும் நான் ரத்து செய்யப் போவதில்லை. டிசம்பர் 22 விடிந்ததும் வாடகைக் காரோடு மீனம்பாக்கத்தில் நிற்பேன். உங்களில் யார் முதலில் இறங்கினாலும், மற்றவர் இறங்கும்வரை வண்டியை எடுக்க விடமாட்டேன்.