அண்ணன் சாக இருபத்து நாலு குமிழ்

சுவிட்சை அணைக்கத் தெரிந்தால் நாடகத்துக்கு லைட் போடவும் தெரியும் என்று நம்பிய ஒரு ஜென்மம் உண்டு. தினமும் அதைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. நானும் அண்ணனும் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தோம். அவன் கட்டிங், நான் செக்கிங். ஆயுத பூஜைக்கு நாடகம் போட முதலாளி சம்மதித்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மாதமாக எழுதியது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் (வேறு யார், அவன்தான்) குத்துப்பட்டு விழுந்து, இரண்டு பக்க வசனம் பேசிவிட்டுத்தான் சாவான். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் மீதி நாடகமே.

"லைட்டுக்கு நீதான் அம்மிணி. தெனமும் கம்பெனி லைட்டை நிறுத்தறது நீதானே?" என்றான்.

வாஸ்தவம். எங்கள் கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால் மணி அடிக்க மாட்டார்கள். கோடியிலிருந்து டியூப்லைட்டுகளை ஒவ்வொன்றாக நான் அணைப்பேன். மூன்றாவது அணைவதற்குள் அத்தனை பேரும் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியோடு கேட்டில் நிற்பார்கள்.

கோயமுத்தூர் வாடகைக் கடையில் ஆறு குமிழ் வைத்த டிம்மர் போர்டைக் காட்டினார்கள். குமிழை மேலே தள்ளினால் விளக்கு எரியும், கீழே இழுத்தால் மெல்ல மங்கும். "உங்க ஆறு விளக்குக்கு இது போதுமுங்க," என்றார் கடைக்காரர். என் கண்ணோ பக்கத்திலிருந்த இருபத்து நாலு குமிழ் போர்டின் மேல். உட்கார்ந்தால் விமானமே ஓட்டலாம் போலிருந்தது.

"அதையே குடுங்க," என்றேன். அவர் அரைமணி நேரம் விளக்கினார். புரிந்த இடத்தில் தலையாட்டினேன். புரியாத இடத்தில் இன்னும் வேகமாக ஆட்டினேன்.

கட்டிங் டேபிள்களைச் சேர்த்துப் போட்டு மேடை. ஆறு விளக்கும் இருபத்து நாலில் எந்தெந்தக் குமிழ் என்று சாக்பீஸால் குறித்து வைத்தேன். (பாதி நாடகத்திலேயே என் தாவணி அதை அழகாகத் துடைத்துவிட்டது.)

அண்ணன் குத்துப்பட்டு விழுந்தான். நீல விளக்கை மட்டும் விட்டு மற்றதை மங்கவைக்க வேண்டும். எது நீலம்? கை பழகிய வேலையைச் செய்தது. கோடியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன்.

மூன்றாவது விளக்கு மங்கியதும் பின்வரிசையில் தூக்குப்போசிச் சத்தம் கேட்டது. அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். முதலாளியே எழுந்து சாவியைத் தேடினார்.

செத்துக்கொண்டிருந்தவன் முழங்கையை ஊன்றி எழுந்தான். "ஏனுங்க, நான் இன்னும் சாவலீங்க. உக்காருங்க."

"பெருமாநல்லூர் பஸ் போயிருமுங்க தம்பி. மீதிய நாளைக்குச் சாவுங்க," என்று சொல்லிவிட்டு ஓர் அக்கா ஓடினார்.

கடைசியில் நானும் அவனும்தான் மிச்சம். அண்ணன் நிஜமாகவே அழுதான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்றும் அவன் பேச்சை நீட்டினால் அண்ணி எழுந்து சுவிட்ச் பக்கம் போவார். பேரப்பிள்ளைகள் "பஸ் போயிருமுங்க" என்று கோரஸ் பாடும்.

அவன் அறுபதாம் கல்யாணத்தன்று மனசு கேட்காமல், "அந்த ரெண்டு பக்கத்தையும் சொல்லுண்ணா, முழுசாக் கேக்கறேன்," என்றேன். ஒரு எழுத்து மறக்கவில்லை, பாவி. முதலில் என்னைச் சுவிட்சிலிருந்து பத்தடி தள்ளி உட்காரவைத்தான். பிறகு ஆரம்பித்தான்.

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றரைப் பக்கம் வரை அசையாமல் கேட்டேன். அதற்குமேல் என் கை தானாகத் தூக்குப்போசியைத் தேடியது.