காலி நாற்காலி

யாரும் வணக்கம் சொல்லவில்லை.

நுண்கடன் நிறுவனத்தின் திண்டிவனம் கிளை மேலாளர் கோகுலகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். காணைப் பக்கத்துக் கிராமம், மகளிர் குழுக் கூட்டம். அத்தனை பெண்களும் அவரை ஊடுருவிப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அம்சா, எல்லாரும் மௌன விரதமா?"

குழுத் தலைவி அம்சா, அவருக்காகப் போட்ட நாற்காலியில் தன் கூடையை வைத்தாள்.

"யாரோ வந்தாப்ல இல்ல?"

"யாருமில்லக்கா. காத்து," என்றாள் செண்பகம், நிலக்கடலை உரித்தபடி. அவள் மல்லாட்டைக்குத் தனி ருசி. போன மாதம் மேலாளர் எடுத்துப்போன மூட்டையை வீட்டில் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

விழுப்புரம் புறவழிச் சாலையில் காலையில் ஒரு கரும்பு லாரி அவரை உரசிக்கொண்டு போனது. உரசிக்கொண்டுதான் போனதா?

கையைக் கிள்ளினார். வலித்தது. ஆனால் செத்தவனுக்கு வலிக்காது என்று எந்தச் செத்தவன் வந்து சொன்னான்?

தலைமை அலுவலகத்திலிருந்து வீடியோ அழைப்பு. அவர் கண்டுபிடித்த 'குழு ஒழுக்க'த்தைக் காண ஜெனீவாவில் முதலீட்டாளர்கள் காத்திருந்தார்கள். பாக்கி வைத்தவர்களை வழிக்குக் கொண்டுவரும் அந்த முறைக்காகத்தான் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். போன ஆடியில் அது, தவணை தவறிய இசைவாணியை மாதம் முழுக்க அழவைத்தது. இன்று மட்டும் சரியாகக் காட்டிவிட்டால் மண்டல மேலாளர் பதவி.

பெண்களைக் காட்டுவதற்காகக் கேமராவைத் திருப்பிப் பிடித்தார்.

"கோகுல், எங்க இருக்கீங்க? உங்களக் காணோமே!"

"இங்கதான் சார் இருக்கேன்!"

"குரல் மட்டும்தான் வருது..."

அழைப்பும் செத்தது.

அம்சா பெருமூச்சு விட்டாள். "மேனேஜரு நல்ல மனுஷனாத்தான் இருந்தாரு."

"இருந்தாரா?" அவர் அலறினார். "இருக்கேன்மா! இதோ நின்னுக்கினு இருக்கேன்!"

செண்பகம் காதைக் குடைந்தாள். "ஒரே கொசு."

அவர் அம்சாவின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். அவள் இமைக்கவில்லை. மண்டல மேலாளர் பதவியை மறந்து, இஸ்திரி போட்ட சட்டையை மறந்து, தரையில் சரிந்தார்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கம்மா... நான் செத்துட்டனா?"

ஓட்டின் மேல் ஒரு காக்கை கரைந்தது.

எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்த இசைவாணி, அவரைத் தாண்டிப்போய், காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்:

"செண்பகத்தோட மல்லாட்ட மூட்டைக்குக் காசு குடுத்தா உசுரு வந்துடும்னு யாருனா அந்தக் காத்துகிட்ட சொல்லுங்கக்கா, பாக்கி வெச்ச ஆளு குழு கண்ணுக்கே தெரியக்கூடாதுன்னு ரூல் போட்டதே அதுதான!"