புல்லுக்குள் நடந்தவர்

புல்லுக்காக டிராகனிடம் சண்டை போட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் புல்லண்ணன்தான்.

திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த அனிமேஷன் கம்பெனியில் ஒரு தொடர் எடுத்துக்கொண்டிருந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. அதில் டைனோசர்களும் டிராகன்களும் சேர்ந்து வாழும். டிராகன்கள் என் பொறுப்பு. புல் முழுக்க அவர் பொறுப்பு. அங்கே ஆரியசாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிறுதோறும் பொன்முடி மலைக்கு பஸ் ஏறி, குப்புறப் படுத்துப் புல் அசைவதைப் பார்த்துவிட்டு, அட்டைக்கடியோடு திரும்புவார்.

“மக்கா, ஒன் டிராகன் வாலைக் கொஞ்சம் எடு. எளம்புல்லு மேல கெடக்கு, பாத்துக்கோ” என்பார். வாலை நகர்த்தும்வரை போகமாட்டார்.

ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி காட்சியை ஓட்டிப் பார்த்தேன். புல்வெளியின் கடைசியில் புல் விலகி விலகி ஒரு கோடு வந்துகொண்டிருந்தது, யாரோ நடப்பதுபோல. அங்கே மிருகம் எதுவும் இல்லை. விலங்குகளையெல்லாம் அழித்துவிட்டு ஓட்டினேன். காற்றையும் நிறுத்தினேன். கோடு வந்தது. மறுநாள் இன்னும் கிட்டே வந்திருந்தது.

“அண்ணே, இது நீங்க செஞ்சதா?”

“நான் செய்யலே. ஒரு மாசமா வாறாரு” என்றார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல. “பொன்முடியிலயும் இதே நடைதான். வலது கால் கொஞ்சம் இழுக்கும்.”

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன்.

அந்த வாரமே மேனேஜர் வந்து, டிராகன்கள் புல்வெளியைக் கொளுத்தும் காட்சி நாளைக்கே வேண்டும் என்றார். புல்லண்ணன் எழுந்து நின்றார்.

“கூட ஒரு நாள் தாங்க சாரே. உள்ள ஆளு உண்டு.”

“எந்து ஆளு? நாளைக்கு முடியலெங்கில் வேற ஜோலி நோக்கிக்கோ.”

மறுநாள் முழுக்க அவர் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. கோட்டுக்கு முன்னால் ஒவ்வொரு புல்லாகச் சாய்த்து வழி போட்டார். “இப்படி வாங்க. பைய வந்தாப் போதும்” என்று முணுமுணுத்தார். கோடும் அந்த வழியில் திரும்பியது. சாயங்காலம் நாலு மணிக்கு அந்த நடை திரையின் ஓரத்தைக் கடந்தது. அறையில் அதே பக்கம் இருந்த ஜன்னலின் திரைச்சீலை லேசாக விலகி மூடிக்கொண்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஏ.சி. ரிப்பேர்.

“போயாச்சு. இனி கொளுத்து மக்கா.”

கொளுத்தினேன். தீ பரவும்போது அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

தீ முழுக்க முடிய மறுநாள் ஆகிவிட்டது; காட்சி ஒரு நாள் தாமதம். யாரால் என்று கேட்ட மேனேஜரின் கண் புல்லண்ணன் நாற்காலியில் இருந்தது. “என் டிராகனுக்குத் தீ சரியா வரலே சார்” என்றேன். அரை மணி நேரம் திட்டு.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவர் இல்லாமல் அந்த அறையில் தனியாக உட்காரப் பயம் என்றேன். அது பயம் மட்டும் இல்லை.