மகனுக்கு ஒரு கேஸ் வேண்டும்

நெய்யூர்,
1934 மார்ச்

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் சத்தியராஜ் அவர்களுக்கு, முத்துநாயகம் எழுதுவது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதுகிறேன். உங்கள் தங்கை தங்கபாய் என்னோடு பேசுவதில்லை, மற்றபடி சுகம்தான்.

என் மகன் ஜெயசிங்கை வாத்தியாராக்கலாம் என்றுதான் நான் இருந்தேன். பி.எல். படிக்க வையும், இன்றைக்கு வக்கீல், நாளைக்கு முன்சீப், அப்புறம் ஜட்ஜி என்று திருவனந்தபுரத்திலிருந்து வழி சொன்னது தாங்கள். படித்தான், வக்கீல் தொழிலுக்குச் சன்னது வாங்கினான், கறுப்புக் கோட்டும் தைத்தான். வருஷம் ஒன்றாகிறது, சீனியர் வக்கீலுக்குப் பின்னால் கட்டுச் சுமக்கிறான், வாய்தா கேட்க மட்டும் வாய் திறக்கிறான், சொந்தமாக ஒரு கேஸ் இல்லை. ஈஸ்டருக்குள் கேஸ் வராவிட்டால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். ஒற்றை மகன், மச்சான். எனக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை.

அதனால் நானே ஒரு கேஸ் உண்டாக்கலாம் என்று எங்கள் தோட்டத்துக்கு அடுத்த விளைக்காரர் பொன்னுலிங்கத்திடம் போனேன். கோயிலில் நாங்கள் ஒரே பெஞ்சு, ஒரே பாட்டுப் புத்தகம். "நீரு நம்ம வேலியை என் பக்கமாக் கொஞ்சம் தள்ளிப் போடும், நான் கேஸ் போடுதேன், பய வாதாடட்டும், பிறகு ராசியாயிருவோம்" என்றேன். "நம்ம பிள்ளைக்கு இதுகூடச் செய்யாண்டாமா அண்ணே" என்று அன்றைக்கே மண்வெட்டி எடுத்தார். ஒரு முழம் தள்ளச் சொன்னால் என் வருக்கைப் பிலா மரத்தையும் சேர்த்து உள்ளே போட்டுவிட்டார். ஏன்வே என்று கேட்டால், தோண்டும்போது பழைய எல்லைக்கல் அகப்பட்டதாம், மரம் அவர் பாட்டன் காலத்திலிருந்தே அவர் மரமாம்! நான் சக்கைப் பழம் தின்று வளர்ந்த மரம் மச்சான்! சும்மா இருப்பேனா, வாயில் வந்ததைச் சொன்னேன், அவரும் சொன்னார், அவர் பெண்சாதி சொன்னதை நான் எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு மாறிவிட்டார். பாட்டுப் புத்தகம் அவருடையது, அதுவும் கூடப் போயிற்று. நான் வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன்.

போகட்டும், கேஸ் உருப்படியாகக் கிடைத்ததே என்று பயலிடம் ஓடி நடந்ததையெல்லாம் சொன்னேன். "பேசி வச்சுப் போடுத கேஸுக்கு நான் வரமாட்டேன் அப்பா, என் சன்னது போயிரும்" என்கிறான். "ஏலே, இப்ப நெசமாவே சண்டைதாம்லே" என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டேன் என்கிறான். தங்கபாயும் அவன் பக்கம். எவன் கேஸ் கொண்டுவந்தாலும் முகம் பாராமல் எடு என்று படிக்க அனுப்பும்போதே சொன்னேனே, பெற்ற அப்பன் கேஸை மட்டும் தொடமாட்டானாம்.

ஆகையால் மச்சான், அங்கே சர்க்கார் கச்சேரியில் ஒரு கிளார்க்கு வேலையாவது அவனுக்குப் பார்த்துத் தரவேண்டும். பி.எல். என்று சொல்லவேண்டாம், எழுதப் படிக்கத் தெரியும் என்றால் போதும். பயல் கடல் தாண்டாமல் இருந்தால் சரி.

அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தங்கள் வீட்டின்மேல் கர்த்தருடைய கை இருப்பதாக. நேரமிருந்தால் அவர் எங்கள் வேலிப் பக்கமும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் தொலைத்த
முத்துநாயகம்

பி.கு.: வேலை பார்க்கவேண்டாம். உறை ஒட்டும் நேரத்தில் கோர்ட்டுச் சேவகன் சம்மனோடு வந்தான். வாதி பொன்னுலிங்கம், பிரதிவாதி நான். வாதிக்கு வக்கீல் ஜெயசிங், பி.எல்.! "எல்லைக்கல்லு இருக்கு, அவரு கேஸ் நெசமானது அப்பா, முகம் பாராதேன்னு நீங்கதானே சொன்னீங்க" என்கிறான், கோட்டைத் துடைத்துக்கொண்டே. பிராதை வாசித்தேன். என்னமா எழுதியிருக்கான் மச்சான், மரம் அவருடையதுதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. தயவுசெய்து எனக்கு ஒரு வக்கீலை உடனே அனுப்பி வைக்கவும். ரொம்பக் கெட்டிக்காரராக வேண்டாம். பயலுக்கு இது முதல் கேஸ்.