சாப்பிட வந்தவர்களை விரட்டும் வேலை

டஸ்ட் ஃபோர்க், நியூ மெக்சிகோ
செப்டம்பர் 9, 1997

மதிப்பிற்குரிய ஆர்வில் மாமாவுக்கு,

தங்கள் தங்கை மகள் ட்வைலா பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சமையல்காரர் ருஃபினோவும் கடையும் நலம். அங்கே டூசானில் மகள் வீட்டில் தங்கள் இடுப்பெலும்பு கூடி வருகிறதா, லொரீன் அக்கா தங்களை எழுந்து நடக்க விடுகிறாளா என்று அறிய ஆவல். கடை நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் நலமில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது வந்துவிடுங்கள் மாமா. சனிக்கிழமை அந்த மோட்டார் சைக்கிள் சங்கத்தார் நாற்பது பேர் வருகிறார்கள், அவர்களை என்னால் விரட்ட முடியாது. இருபத்திரண்டு வயதில், நம் கடையில் வைத்து எடுத்த அந்தச் சினிமாவில் நீங்கள் நடித்துச் செய்ததைத்தானே இருபத்தேழு வருடமாகச் செய்துவருகிறீர்கள், உங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்த நீள முடிக்காரன் முன்னாலிருந்து முட்டைத் தட்டைப் பிடுங்கி, "முடிய வெட்டிட்டு வா, அப்புறம் முட்டை தர்றேன்" என்று வாசலைக் காட்டுவீர்கள். படத்தைப் பார்த்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அதே மேசையில் உட்கார்ந்து, அதே முட்டையைக் கேட்டு, விரட்டப்பட்டு, வெளியே போய் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, சமையலறை வாசல் வழியாகத் திரும்பி வந்து ஆறிப்போன முட்டையைச் சாப்பிடுகிறார்கள். நீங்கள் ஏணியிலிருந்து விழுந்த அன்று ஆம்புலன்சில் படுத்தபடியே, "தட்டைப் பிடுங்கு, வாசலைக் காட்டு, வாயைத் திற, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வாயைத் திறப்பதுதான் மாமா கஷ்டம். வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்க மாட்டாமல் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான்.

முதலில் வந்தவர் ஒஹாயோவிலிருந்து ஒரு பல் மருத்துவர். தட்டைப் பிடுங்கிவிட்டேன், வாயையும் திறந்துவிட்டேன், அப்புறம்தான் அவர் தலையைப் பார்த்தேன். ஒரு முடி கூட இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். அவர் மெதுவாக, "சொல்லும்மா, கூச்சப்படாதே. மூணு நாள் வண்டி ஓட்டிட்டு இதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார். சொன்னேன். "காதுலயே விழலையே" என்றார். மறுபடி சொன்னேன். "கொஞ்சம் கோபமா சொல்லேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுத் தட்டைத் திரும்ப வைத்துவிட்டேன். ருஃபினோ சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அடியே, ஒரு கோழியைக்கூட உன்னால விரட்ட முடியாது போலிருக்கே!" என்றார். அந்த மருத்துவரைத் தைரியமாக ஒரு கேள்வி கேட்டேன் மாமா, ஏன் இப்படிச் சாப்பாட்டை விட்டுத் துரத்தப்பட ஆசைப்படுகிறீர்கள் என்று. அவர், "முப்பது வருஷமா எல்லாரும் என்னை உட்காருங்க டாக்டர், உட்காருங்க டாக்டர்னே சொல்றாங்கம்மா" என்றார். இது பதிலா?

அதற்குப் பிறகு ருஃபினோ என்னை விடவில்லை. "என்னைத் திட்டு, இந்தக் கரண்டியைத் திட்டு, உருளைக்கிழங்கைத் திட்டு" என்று இரண்டு நாள் பயிற்சி. வியாழக்கிழமை மதியம் தோல் சட்டையும் குதிரைவால் முடியுமாக ஒருவர் நேராக ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்து முட்டை கேட்டார். நான் ஒரே இழுப்பில் தட்டைப் பிடுங்கி ஊர் கேட்கக் கத்தினேன். "ஏம்மா, நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார். விரட்டப்பட வருகிறவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு வசனம் சேர்த்துக்கொள்வார்கள்தானே, நான் விறைப்பாக வாசலைக் காட்டினேன். எழுந்து போனார். சமையலறை வழியாகத் திரும்பி வருவார் என்று காத்திருந்தோம், வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவருடைய வண்டி மேல் ஏணியும் கம்பிச் சுருளும் போய்க்கொண்டிருந்தன. புயலில் அறுந்த நம் தொலைபேசிக் கம்பியைச் சரிசெய்ய வந்தவராம். அதனால்தான் இதைத் தொலைபேசியில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன்.

இதற்கு நடுவில் சங்கத் தலைவர் கார்வின் முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுப் போனார். "உங்க மாமா இல்லாட்டி சரிவராது பொண்ணே. பக்கத்து ஊர்க் கடைக்காரர் விரட்டத் தயாரா இருக்காரு, படத்துல உங்க மாமா போட்டிருக்கற மாதிரி தொப்பிகூட வாங்கிட்டாராம். சனிக்கிழமை பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். ஊருக்கு வெளியே பெரிய சாலை போட்டபின் இந்தப் படத்துக்காரர்களைத் தவிர நம் கடைக்கு யார் வருகிறார்கள்? அவர்களும் போய்விட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். எனக்கு மிளகாய் ஆலைதான் கதி. அங்கே இயந்திரச் சத்தத்துக்கு மேலே இருநூறு பேர் நாள் முழுக்கக் கத்திப் பேசுகிறார்கள்.

கேட்கக் கூடாது என்று இருந்தேன், இருந்தாலும் கேட்கிறேன். சரியாகச் செய்யவேண்டும் என்று படத்தின் வீடியோ நாடாவைப் போட்டு அந்தக் காட்சியைப் பதினொரு முறை பார்த்தேன். தட்டைப் பிடுங்கிய பின் நீங்கள் ஒரு நொடி அந்த நீள முடிக்காரனையே பார்க்கிறீர்கள். அது அவர்கள் சொல்லிக்கொடுத்ததா? அவனும் அவன் கூட்டாளியும் எங்கே போகிறோம் என்று தெரியாமலேதானே படம் முழுக்கப் போகிறார்கள், அவர்களோடு போய்விடலாமா என்று உங்களுக்கு ஒரு நினைப்பு வந்ததா? அம்மாவிடம் கேட்டால், "அவனுக்கு அன்னைக்குப் பல்வலிடி" என்கிறாள்.

தங்கள் இடுப்புக்காக அம்மா ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறாள். லொரீன் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நொண்டிக்கொண்டாவது வந்துவிடுங்கள்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
ட்வைலா

பின்குறிப்பு: இன்று ஞாயிற்றுக்கிழமை. தபாலில் போடுகிறேன் என்று வாங்கிய ருஃபினோ இதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறார். அதனால் நீங்கள் வரவில்லை, நேற்று நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். கார்வின் உட்கார்ந்தார், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். தட்டை எடுத்துவிட்டேன், குரல் வரவே இல்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கடைசியில், "போயிடுங்க... தயவுசெஞ்சு போயிடுங்க" என்று மட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் குல்லாயைக் கழற்றிக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. எல்லாம் கெட்டது என்று தட்டோடு பின்னாலேயே ஓடினேன். கார்வின் வண்டி மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "உங்க மாமா விரட்டினா ஜாலியா இருக்கும். நீ சொன்னதும் ஐயோ, நிஜமாவே போகணுமேன்னு ஆயிடுச்சு" என்றார். இனி வருடத்துக்கு மூன்று தடவை வருவார்களாம், நான்தான் விரட்டவேண்டுமாம். நீங்கள் வருத்தப்படக் கூடாது.

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அவசரப்படாமல் குணமாகி வாருங்கள். வரும்போது ஜன்னலோர மேசையில் உட்காருங்கள், முட்டை கொண்டுவருகிறேன். உங்களையும் ஒரு தடவை விரட்டிப் பார்க்கிறேன். வெளியே போய் நின்றபின் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லவேண்டும்.