பீக்கரில் டீ

நாற்காலி கேட்டதுதான் பரிசோதகர் செய்த தப்பு. குடோனில் இருக்கும் ஒரே ஸ்டூலும் ஆடுகிறது, என்றைக்காவது விழுந்து வைக்கப் போகிறேன் என்று மேலிடத்தில் சொன்னார். மறுநாளே ஆள் வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"ஏம்பா, நான் எதுல உக்கார்றது?"

"ஆடுற ஸ்டூல்ல யாரையும் உக்கார வைக்கக் கூடாதாம் சார். உங்க நல்லதுக்குத்தான்."

சரி, நின்றே தொலைக்கலாம், வெளிச்சமாவது வேண்டாமா என்று பல்பு கேட்டார். வந்த எலெக்ட்ரீஷியன், வயரிங் ஆபத்து என்று கரண்டையே பிடுங்கிவிட்டுப் போனான். அதற்கப்புறம் வாயைத் திறக்கவே அவருக்குப் பயம்.

இத்தனைக்கும் மனுஷன் செய்தது என்ன? இவர் வேலை பார்த்த குடிநீர் வாரியத்து லேபுக்கு, தெருக்குழாய்த் தண்ணீர் என்று சொல்லி மேலதிகாரி தன் அறை ஃபில்டர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்க, லேபில் மட்டும் தண்ணீர் படு சுத்தம்! அதை வெளியே போட்டு உடைத்தார். உடனே உடைந்த குழாய்களுக்குக் காவலாக இந்தக் குடோனில் கொண்டுவந்து போட்டார்கள்.

இருட்டுகூடப் பரவாயில்லை. அந்த லேப்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது. அங்கே டம்ளர் கிடையாது, எல்லோருக்கும் பீக்கரில்தான் டீ. "இதுல நேத்து எந்தக் கண்றாவிய ஊத்துனீங்களோ!" என்று திட்டிவிட்டு, டைப்பிஸ்ட் அக்காதான் முதல் ஆளாகக் குடிப்பாள். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன் ஒருத்தன் ஜோக் சொல்ல ஆரம்பித்து, தானே விழுந்து விழுந்து சிரித்து, ஜோக்கை மறந்துவிடுவான். அடடா, அதெல்லாம் என்ன நாட்கள்! வீட்டுக்கு வந்தாலும் அவருக்கு இதே புராணம்தான்.

"அவங்கள்ல ஒருத்தராவது ஒரு போன் பண்ணாங்களா?" என்றாள் மனைவி.

"பயமா இருக்கும்டி. பிள்ளைகுட்டிக்காரங்க."

"நாம மட்டும் என்ன சாமியாரா?"

அவருக்கும் வலிக்கத்தான் செய்தது. இருந்தாலும் கோர்ட்டுக்குப் போனார். மேலதிகாரியை உள்ளே தள்ளிவிடலாம் என்று குதித்தார் வக்கீல்.

"அதெல்லாம் அப்புறம் சார். மொதல்ல என் பழைய சீட்ட வாங்கிக் குடுங்க. ரிட்டயர் ஆகுறதுக்குள்ள அவங்களோட உக்காந்து ஒரு டீ குடிச்சுடணும்."

"இதுக்காய்யா கேஸ் போட்டீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் வக்கீல்.

வழக்கு இழுஇழு என்று இழுத்தது. சாட்சிகளை நீதிபதி மூடிய அறையில் விசாரித்தார். வந்தது யார் என்று இவருக்கே சொல்லவில்லை. கடைசியில் ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது: பழைய இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும்!

சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டு, புது மாப்பிள்ளை போலக் கிளம்பி லேபுக்குள் நுழைந்தார். அதே ஜன்னல், அதே சீட்டு. ஆனால் சுற்றிலும் முன்பின் தெரியாத முகங்கள். எல்லோர் கையிலும் பேப்பர் கப். அவரை ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பொறுக்க முடியாமல் வாசலுக்கு வந்து வாட்ச்மேனைப் பிடித்தார்.

"எங்கப்பா நம்ம ஆளுங்க? என் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு லீவு போட்டுட்டாங்களா?"

"லீவா? உங்களுக்காகக் கோர்ட்டுல சாட்சி சொன்னாங்கன்னு, மொத்தப் பேரையும் நேத்துதான் சார் அந்தக் குடோனுக்குத் தூக்கி அடிச்சாங்க!"